டிஸ்சார்ஜ் அன்று வீட்டாரிடம் எப்படிப் பேசுவது? புது ஸ்டாஃபுக்கு வகுப்பு எடுக்க யோசனை தேவை

வைகைக்கரை_சிஸ்டர்:
வணக்கம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சிங் எஜுகேட்டராக இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஸ்டாஃபுக்கு அடுத்த மாதம் "கம்யூனிகேஷன்" வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மேலிடத்திலிருந்து ஸ்லைடுகளும் வந்துவிட்டன. புன்னகை செய்யுங்கள், கண்ணைப் பார்த்துப் பேசுங்கள், வணக்கம் சொல்லுங்கள் என்று பக்கம் பக்கமாக. நம் பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்லத் தெரியாதா என்ன?

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஷிஃப்ட் மாறும்போது இவர்கள் ஒருவருக்கொருவர் எஸ்பார் (SBAR) முறையில் நன்றாகவே ஹேண்டோவர் கொடுக்கிறார்கள், அதாவது நோயாளியைப் பற்றிச் சொல்லி அடுத்தவரிடம் ஒப்படைக்கிறார்கள். இப்போது நிலைமை என்ன, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறார்கள். (அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளில் தொடங்கிய பழக்கம் இது. கைசர் பெர்மனெண்டே மருத்துவமனைகள் எடுத்துக்கொண்ட பிறகு உலகமெல்லாம் பரவியது.) ஆனால் நோயாளி ஐசியூவிலிருந்து வார்டுக்கோ வார்டிலிருந்து வீட்டுக்கோ போகும்போது அவர் வீட்டாரிடம் பேச எந்த முறையும் கிடையாது. மாத்திரை அட்டையைத் தூக்கிப் பிடித்து "இது காலைல ஒண்ணு, நைட் ஒண்ணு, இது சாப்பாட்டுக்கு முன்னாடி, புரிஞ்சுதாம்மா?" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். அந்த அம்மாவும் தலையாட்டுகிறார். கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது.

எனக்குக் கிடைத்திருப்பது இரண்டு மணி நேரம். அதில் எதைச் சொல்லித் தரலாம்? அனுபவசாலிகள் சொல்லுங்கள்.

எம்4_இன்சார்ஜ்:
முதலில் ஆள் போடச் சொல்லுங்கள் மேடம், வகுப்பு அப்புறம். போதனா மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. நான் இருப்பது அரசு மருத்துவமனை மெடிக்கல் வார்டு. நைட்டில் ஒருத்தி 40 பேருக்கு மேல் பார்க்கிறாள், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களைச் சேர்க்காமல். அவளிடம் போய் "வீட்டாரோடு உட்கார்ந்து பத்து நிமிடம் பேசு" என்றால் சிரிப்பாள். எல்லாக் குறைக்கும் பயிற்சி என்று மருந்து எழுதுவது நிர்வாகத்துக்கு வசதி. செலவில்லை பாருங்கள்.

வைகைக்கரை_சிஸ்டர்:
ஆள் விஷயத்தில் உங்களோடு சண்டை போடமாட்டேன் அக்கா. ஆனால் எங்கள் வார்டில் ஆள் ஓரளவு இருக்கிறது, அப்படியும் இதே கதைதான். பேசுகிற நேரம் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அது போய்ச் சேரவில்லை. நெதர்லாந்து ஆய்வாளர் ராய் கெசல்ஸ் 2003-இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. மருத்துவமனையில் சொல்லப்படுவதில் 40 முதல் 80 சதவீதம் நோயாளிக்கு உடனே மறந்துவிடுகிறது, நினைவில் நிற்பதிலும் ஏறக்குறைய பாதி தப்பாக நிற்கிறது என்கிறார். அப்படியானால் ஐந்து நிமிடம் பேசினாலும் பதினைந்து நிமிடம் பேசினாலும், பேசும் விதம் மாறாமல் பயனில்லை.

பேஷன்ட்_மகன்:
நான் நர்ஸ் இல்லை. இந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம். மூக்கு டியூபோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். காலை ரவுண்ட்ஸில் "இன்னைக்கு டிஸ்சார்ஜ்" என்றார்கள். இன்சூரன்ஸ் அப்ரூவல் வர சாயங்காலம் ஆகிவிட்டது. நான் பில் கவுண்டருக்கும் பார்மசிக்கும் ஓடிக்கொண்டிருந்தபோது, லிஃப்ட் வாசலில் வைத்து ஒரு சிஸ்டர் டியூபில் பால் ஊற்றும் முறையைச் சொன்னார். நல்ல பெண், பொறுமையாகத்தான் சொன்னார். என் காதில் "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இருநூறு மில்லி" என்பது மட்டும் விழுந்தது. தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்க வேண்டும், ஊற்றி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பது மனதில் நிற்கவே இல்லை.

வீட்டில் ஊற்றப்போவது நான் இல்லை, என் மனைவி. மருத்துவமனையில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தது நான் என்பதால் அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் படுக்க வைத்தபடியே ஊற்றி, அப்பாவுக்குப் புரை ஏறி, மூச்சுத் திணறி, 108-ஐ அழைத்துத் திரும்ப அட்மிட் செய்தோம். அவளை வரச் சொல்லி ஒரே ஒரு வேளை அவள் கையாலேயே அங்கே ஊற்ற வைத்திருந்தால் போதும். தாளில் எழுதித் தந்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில், ஆறாவது பக்கத்தில்.

ஐசியூ_ஆந்தை:
மேலே சகோதரர் சொன்னதில் வகுப்பின் முதல் பாடம் இருக்கிறது. "வீட்டுல ராத்திரி யாரு பாத்துப்பாங்க?" இந்தக் கேள்வியை டிஸ்சார்ஜ் அன்று கேட்கக் கூடாது, அட்மிஷன் அன்றே கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதிவிட வேண்டும். நம் ஊரில் மருத்துவமனையில் உட்காருபவர் ஒருவர், காசு கட்டுபவர் ஒருவர், வீட்டில் மருந்து கொடுப்பவர் இன்னொருவர். முடிவெடுக்கும் பெரியப்பா துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் இருப்பார். நாம் எல்லாவற்றையும் "அட்டெண்டர்" கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றுவதைப் பற்றி யாரும் எழுதவில்லையே, அதைச் சொல்கிறேன். நமக்கு அது நல்ல செய்தி. வீட்டாருக்கு அப்படி இல்லை. நேற்று வரை படுக்கைக்கு ஒரு சிஸ்டர், தலைமாட்டில் மானிட்டர், மணிக்கொரு தடவை பிபி. திடீரென்று வார்டில் ஒரு கட்டில், ஒரு ஃபேன். "பணம் கட்டலைன்னு வெளிய தள்ளிட்டாங்களா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். "இன்னும் நெஞ்சு வலிக்குதுங்கிறாரே, ஏன் மிஷினைக் கழட்டினீங்க?" என்று சண்டைக்கும் வந்திருக்கிறார்கள். ராத்திரி 11 மணிக்கு எமர்ஜென்சி கேஸ் வந்து, இருக்கிறவர்களில் நல்லா இருப்பவரை அவசரமாக மாற்றும்போது இந்தச் சந்தேகம் இரட்டிப்பாகும்.

என் ஜூனியர்களுக்கு நான் சொல்வது, மாற்றுவதற்கு முந்தைய நாளே வாய் திறக்க வேண்டும். "நாளைக்கு வார்டுக்குப் போகலாம்னு டாக்டர் நினைக்கிறாரு. ஊசி வழியா ஓடிக்கிட்டிருந்த பிபி மருந்தை நேத்தே நிறுத்தியாச்சு, தானா நிக்குது. அதனாலதான் இந்த மிஷின் தேவைப்படல." காரணத்தை நோயாளியின் உடம்பிலிருந்தே காட்டினால் பணப் பேச்சு வராது. அடுத்து, அங்கே என்ன குறையும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: "அங்க ஒரு சிஸ்டர் பல பேரைப் பாப்பாங்க, கூப்பிட்டா வருவாங்க, கூப்பிடறதுக்கு இந்த பெல்." பிறகு வார்டு சிஸ்டரை வரவழைத்து, வீட்டார் முன்னாலேயே, கட்டில் அருகிலேயே ஹேண்டோவர். நாம் பேசுவதை அவர்கள் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். நடுவில் "சிஸ்டர், அவருக்கு அந்த ஆன்டிபயாடிக் ஒத்துக்காதுன்னு சொன்னாங்களே" என்று ஒரு மகள் நினைவூட்டுவாள். அதை ஹேண்டோவர் எழுதியவளே விட்டிருப்பாள்.

நாலு பேர் பார்க்க ஹேண்டோவர் கொடுக்க ஜூனியர்கள் கூச்சப்படுவார்கள். பக்கத்துக் கட்டில்காரர் காதில் விழக்கூடாத விஷயமும் இருக்கும். அதை மட்டும் நர்சிங் ஸ்டேஷனில் வைத்துப் பேசிவிட வேண்டும்.

கொங்குசிஸ்டர்:
கோயம்புத்தூர், டயாபடிஸ் வார்டு. நான் ஒரே ஒரு உதாரணத்தைத்தான் வகுப்பில் வைப்பேன், இன்சுலின். மற்றதெல்லாம் அதிலேயே அடங்கிவிடும்.

நம் ஊரில் இன்சுலின் வரும் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் (வயல்) பெரும்பாலானவை மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100, சில குப்பிகளும் 100. அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10-வது கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 10 இல்லை, 25. ராத்திரி சர்க்கரை இறங்கி வியர்த்து, கை நடுங்கி, உளற ஆரம்பிப்பார்கள். பேனா கெட்டுப்போச்சு, காசு ஜாஸ்தி என்று கார்ட்ரிட்ஜிலிருந்தே சிரிஞ்சில் உறிஞ்சுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் கையில் கிடைத்த சிரிஞ்சைக் கொடுப்பார். டிஸ்சார்ஜ் சம்மரியில் "10 யூனிட்" என்று மட்டும் இருக்கும்.

இதை வாயால் சொல்லிப் புரிய வைக்கவே முடியாது. அதனால் எங்கள் வார்டில் டிஸ்சார்ஜுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஊசியை நோயாளியோ வீட்டுக்காரரோ போட வேண்டும், நர்ஸ் பக்கத்தில் நின்று பார்ப்பாள். கூடுதல் நேரம் ஆகாது, எப்படியும் போடுகிற ஊசிதானே.

அப்புறம் அந்தக் கேள்வி. "புரிஞ்சுதா?" என்பதை வார்டிலிருந்தே ஒழிக்க வேண்டும். அதற்கு நம் மக்களிடம் ஒரே பதில்தான், "புரிஞ்சுதுங்". படித்த பெண் முன்னால் புரியவில்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? டீச் பேக், அதாவது கேட்டவரையே திருப்பிச் சொல்ல வைப்பது, என்று புத்தகத்தில் சொல்வது இதற்குத்தான். நம் பாஷையில் நான் சொல்லிக் கொடுப்பது: "நான் ஒழுங்கா சொன்னனான்னு எனக்குத் தெரியணும்ங் அம்மா. வீட்டுக்குப் போனதும் உங்க மருமக 'ஊசி எப்படிங்த்தை போடறது'ன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" தப்பாகச் சொன்னால் நான் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம். வேறு மாதிரி சொல்லிவிட்டு மறுபடி கேட்க வேண்டும். ஒரு தடவையில் மூன்று விஷயத்துக்கு மேல் கேட்காதீர்கள்.

எம்4_இன்சார்ஜ்:
எழுபது வயசுப் பாட்டியை மனப்பாடப் பரீட்சை எழுத வைப்பதா? எங்கள் வார்டில் "என்னம்மா, என்னை டெஸ்ட் பண்றியா" என்று ஒரு தாத்தா கோபித்துக்கொண்டார்.

கொங்குசிஸ்டர்:
கேட்கிற தொனிதான் அக்கா. "சொல்லுங்க பாக்கலாம்" என்றால் பள்ளிக்கூடம். மருமகளுக்குச் சொல்வது போல் கேட்டால் அவர்களே உற்சாகமாகச் சொல்வார்கள், நடுவில் மருமகளைப் பற்றிய குறையும் நாலு வரும். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் யார் சமைக்கிறார்கள், எத்தனை மணிக்குச் சாப்பாடு என்பதெல்லாம் அதில்தான் வெளியே வரும். 7 மணிக்கு ஊசி போட்டு 9 மணிக்குத்தான் இட்லி என்றால் அளவை டாக்டரிடம் சொல்லி யோசிக்க வேண்டும்.

மருந்துக்கடைக்காரன்:
கடைப் பக்கத்திலிருந்து ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மருந்தால் வரும் தீங்கைக் குறைக்க ஒரு இயக்கம் தொடங்கியபோது மூன்று இடங்களைக் குறிவைத்தது: ஆபத்து அதிகமான சூழல்கள், ஒரே ஆளுக்குப் பல மருந்துகள், ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நோயாளி மாறும் நேரம். நான் தினமும் பார்ப்பது இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தது. வீட்டில் பழைய பிபி மாத்திரை ஒரு கம்பெனி பெயரில் பாதி அட்டை இருக்கும். மருத்துவமனை அதே மருந்தை வேறு பெயரில் எழுதியிருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்வார்கள். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள்தான். அதைத் தினம் போட்டு வாயெல்லாம் புண்ணாகி வந்தவர் உண்டு, இது உயிருக்கே ஆபத்து.

என்ன புதுசு என்று எல்லோரும் சொல்கிறீர்கள், எதை நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. வீட்டிலிருக்கும் மாத்திரைப் பையை முழுசாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். நிறுத்த வேண்டியதை டாக்டரிடம் உறுதி செய்து அங்கேயே தனியாக எடுத்துவிடுங்கள். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்பதை 1-0-1 என்று எழுதுவதும் நமக்குள் சரி, வீட்டாருக்கு அது கணக்கு மாதிரி தெரியும். சூரியன், நிலா படம் போட்டுக் கொடுங்கள்.

கிராமச்செவிலியர்:
நீங்கள் அனுப்புகிறவர்களை வாங்கிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறேன். சிவகங்கைப் பக்கம். ஒரு கேள்வி: வீட்டுக்குப் போகிறார் என்று எங்களுக்கு ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்? 2021 ஆகஸ்டிலிருந்து தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நடக்கிறது. பிபி, சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே போகிறது, படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்க நோய்த்தணிப்பு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வருகிறார்கள். தனியார் மருத்துவமனையிலிருந்து கதீட்டரோடு வருகிறவர் எங்கள் பட்டியலில் ஏறுவது, பக்கத்து வீட்டம்மா சொல்லி நாங்கள் போய்ப் பார்த்த பிறகுதான். அதற்குள் முதுகில் புண் வந்திருக்கும். "உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல இந்தத் தாளைக் காட்டுங்க" என்று ஒரு வரி சொல்லி அனுப்பலாமே?

பிரசவ வார்டுக்காரர்களுக்கு இன்னொன்று. எங்கள் பக்கம் பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பார்கள், சர்க்கரைத் தண்ணீரோ தேனோ, குடும்பத்தில் மதிப்பான ஒருவர் கையால். பிரசவமான பெண்ணிடம் "தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது" என்று நூறு தடவை சொல்லியிருப்பீர்கள். முடிவு அவள் கையில் இல்லை, மாமியார் கையில் இருக்கிறது. மாமியாரை வெளியே நிறுத்திவிட்டுத் தாய்க்கு மட்டும் பாடம் எடுத்தால் வீட்டில் அவளுக்குத்தான் சங்கடம். நான் மாமியாரிடம்தான் பேசுவேன். "ஆத்தா, பேரன் உங்க கையிலதான் வளரப்போறான். முதல் ஆறு மாசம் வேற யாரும் வாயில எதுவும் வைக்காமப் பாத்துக்கிறது உங்க பொறுப்பு." காவலுக்கு வைத்துவிட்டால் அவர் யாரையும் கிட்டே விடமாட்டார். எல்லா வீட்டிலும் பலிக்காது, பல வீட்டில் பலித்திருக்கிறது.

ரிட்டயர்டு_மேட்ரன்:
எல்லாம் படித்தேன். பிள்ளைகள் பயப்படும் இடத்தை யாரும் தொடவில்லை. "இனி செய்யறதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்புகிறோமே, அதுவும் டிஸ்சார்ஜ்தான்.

டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். பத்து நிமிடம் கழித்து மகன் நர்சிங் ஸ்டேஷனுக்கு வருவான். "சிஸ்டர், நெசமாவே ஒண்ணும் பண்ண முடியாதா?" புதுப்பெண் என்ன செய்வாள்? ஒன்று, "டாக்டரைக் கேளுங்க" என்று ஃபைலுக்குள் தலையைப் புதைப்பாள். இல்லை, பாவப்பட்டு "கடவுள் இருக்காரு, சரியாயிடும்" என்பாள். இரண்டாவது இன்னும் கெடுதல். அந்த ஒரு வார்த்தையை நம்பி நகையை அடகு வைத்து வேறு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

நோயின் போக்கைப் பற்றிப் புதிதாக எதையும் சொல்ல வேண்டியது நர்ஸின் வேலை இல்லை. ஆனால் டாக்டர் பேசும்போது கூட நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அவர் என்ன வார்த்தை சொன்னார் என்றே நமக்குத் தெரியாது. பிறகு வீட்டார் வரும்போது, "டாக்டர் பேசினதுல உங்களுக்கு என்ன புரிஞ்சுதுய்யா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்த மூடிக்கொள்வதற்குத்தான் பயிற்சி வேண்டும். நம்மால் ஐந்து விநாடி சும்மா இருக்க முடியாது. அழுகிறவரிடம் "அழாதீங்க" என்று உடனே சொல்லிவிடுகிறோம், அவர் அழுதால் நமக்குத் தாங்காது என்பதால்.

அதன்பின் நம்மால் உறுதியாகச் சொல்ல முடிந்ததைச் சொல்லலாம். வலிக்கு என்ன மருந்து, மூச்சு வாங்கினால் எப்படிச் சாய்த்து உட்கார வைப்பது, வாய் காய்ந்தால் பஞ்சால் எப்படி நனைப்பது, ராத்திரி யாரைக் கூப்பிடுவது. "ஒண்ணுமில்ல" என்று அனுப்பப்படுகிறவருக்குச் செய்ய அத்தனை இருக்கிறது. ரோல் ப்ளே வைத்தால் இந்தக் காட்சியை வையுங்கள். மகனாக நடிக்க இன்னொரு ஸ்டாஃப் நர்ஸை நிறுத்தாதீர்கள், சிரித்துக் கெடுத்துவிடுவார்கள். வயசில் மூத்த ஆயாம்மா யாரையாவது கேளுங்கள், நம்மைவிட அதிகம் பார்த்தவர்கள்.

ஐசியூ_ஆந்தை:
எம்4 அக்காவின் ஆள் பிரச்சினைக்கு ஒன்று தோன்றுகிறது. நூரா ஹெல்த் என்ற அமைப்பு பெங்களூரின் நாராயணா மருத்துவமனைகளில் தொடங்கிய முறை. பின்னர் பல மாநில அரசு மருத்துவமனைகளுக்கும் போனது. ஒவ்வொரு குடும்பத்தோடும் தனித்தனியாகப் பேசாமல், வார்டிலேயே குடும்பங்களைக் கூட்டமாக உட்கார வைத்து நர்ஸ் ஒருவர் செய்து காட்டுகிறார், அவர்களும் செய்து பார்க்கிறார்கள். கை கழுவுவது, தையல் போட்ட இடத்தைப் பார்ப்பது, எந்த அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும் என்பது எல்லாருக்கும் பொதுதானே. தனியாகப் பேசும் நேரம் அந்த நோயாளிக்கு மட்டும் உரியதைப் பேச மிச்சமாகும்.

எம்4_இன்சார்ஜ்:
இது பரவாயில்லை. சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் வீட்டுப் பெண்கள் சாப்பாட்டுக் கூடையோடு வந்து உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவிகளை வைத்தே நடத்தலாம், அவர்களுக்கும் ஹெல்த் எஜுகேஷன் கணக்கில் எழுத வேண்டியிருக்கிறது. சார்ட் ஒட்டி ஒப்பிப்பதற்குப் பதில் இதைச் செய்யட்டும். ஆனால் கூட்டத்தில் ஆண்கள் பின்னால் நின்று போனைப் பார்ப்பார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். 3-க்கு ஒன்று என்ற கோரிக்கையையும் நான் விடப்போவதில்லை.

வைகைக்கரை_சிஸ்டர்:
எல்லோருக்கும் நன்றி. ஸ்லைடுகளைத் தூக்கிப் போட்டாயிற்று. இரண்டு மணி நேரத்தில் விரிவுரை கால் மணி. மீதி முழுக்க மூன்று காட்சிகள்: மூக்கு டியூப் வைத்தவரின் மருமகள், வார்டுக்கு மாற்றுவதை எதிர்த்துச் சண்டை போடும் மகன், "ஒண்ணும் பண்ண முடியாதா" என்று கேட்கும் மகன். மேட்ரன் அம்மா சொன்னபடி ஆயாம்மா இருவரிடம் பேசிவிட்டேன், ஒருவர் இப்போதே வசனம் கேட்கிறார். அட்மிஷன் ஃபாரத்தில் "வீட்டில் பார்த்துக்கொள்பவர்" என்று ஒரு கட்டம் சேர்க்க மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் கேட்டிருக்கிறேன். அந்த ஆள் வந்து ஒரு வேளையாவது செய்து காட்டாமல் டியூப், இன்சுலின் நோயாளிகளுக்குச் சம்மரி கையில் போகாது என்று வைக்கப் பார்க்கிறேன். பில்லிங் பிரிவு சண்டைக்கு வரும்.

ஒன்றுதான் முடிவாகவில்லை. ராத்திரி சந்தேகம் வந்தால் கூப்பிட எந்த நம்பரைக் கொடுப்பது? நர்ஸ்களின் சொந்த நம்பரைக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. மெயின் ரிசப்ஷனுக்குப் போட்டால் "காலைல ஓபி வாங்க" என்கிறார்கள்.

கிராமச்செவிலியர்:
சொந்த நம்பர் வேண்டவே வேண்டாம், என் கதையைக் கேட்டால் தெரியும். அரசின் 104-இல் பொதுவான சந்தேகம் கேட்கலாம், அவசரத்துக்கு 108. இரண்டையும் தாளின் மேலேயே பெரிதாக அச்சடியுங்கள். உங்கள் நோயாளி பற்றி உங்களிடம்தான் கேட்க வேண்டியது என்றால் வார்டுக்கு ஒரு மொபைல் வாங்கச் சொல்லுங்கள்.

ஐசியூ_ஆந்தை:
எங்களிடம் வார்டு மொபைல் இருக்கிறது. ஷிஃப்ட் இன்சார்ஜ் கையில், ஹேண்டோவரோடு அதுவும் மாறும். கூப்பிட்டவர் பெயர், கேள்வி, என்ன சொன்னோம் என்று ஒரு நோட்டில் எழுதுவோம். போனில் மருந்தின் அளவை மாற்றிச் சொல்லக் கூடாது, டியூட்டி டாக்டரிடம் கேட்டுத்தான் பதில். நிர்வாகம் முதலில் முடியாது என்றது. வருகிற கேள்விகளில் பாதி "ரிப்போர்ட் எப்ப வரும்" என்று இருக்கும் என்று பயந்தார்கள், அது உண்மையும்கூட. நோட்டின் ஒரு பக்கத்தை வேண்டுமானால் பெயர்களை மறைத்து அனுப்புகிறேன், உங்கள் நிர்வாகத்திடம் காட்டுங்கள்.

வைகைக்கரை_சிஸ்டர்:
அனுப்புங்கள். திங்கட்கிழமை நர்சிங் சூப்பரண்டன்ட் மீட்டிங் இருக்கிறது.